ஞாயிறு 28 கி.மீ. இருக்கிறது, காலில் ஒரே இடத்தில் வலி: ஓடலாமா?

ஈசிஆர்_ஞாயிறு
வியாழன், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, திருவான்மியூர். மூன்று ஹாஃப் (அரை மாரத்தான், 21.1 கி.மீ.) ஓடியிருக்கிறேன், கடைசியாக ஓடியது 2 மணி 10 நிமிடம். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதல் ஃபுல்லுக்கு (முழு மாரத்தான், 42.195 கி.மீ.) பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம். ஆகஸ்டில் வாரத்துக்கு 30 கி.மீ. ஓடினேன், இப்போது 58. ஈஸி ரன், அதாவது மெதுவான ஓட்டம் என்று போட்டிருக்கும் நாளிலும் கி.மீ.க்கு 6:10, 6:15 நிமிடத்தில்தான் போகிறேன். அதைவிட மெதுவாகப் போனால் ஓடிய மாதிரியே இல்லை.

பத்து நாளாக இடது காலில், முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் வலி. முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும் இருக்கும், இரண்டு கி.மீ. தாண்டினால் போய்விடும். இந்த வாரம் போகவில்லை. நேற்று 8 கி.மீ. முழுக்கக் கூடவே வந்தது. இன்று மாடிப்படி இறங்கும்போதும் தெரிந்தது.

அட்டவணைப்படி ஞாயிறு 28 கி.மீ. அதை விட்டால் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐஸ் வைத்து, ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு மெதுவாக ஓடி முடித்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேகமே_மூச்சு
வியாழன், இரவு 10:05

ஷின் ஸ்ப்ளின்ட்தான் சார், ஓடுகிறவர்களுக்கு வரும் முன்கால் எலும்பு வலி. எனக்கும் போன வருடம் வந்தது. ஷூவை மாற்றினேன், கெண்டைக்கால் ஸ்லீவ் போட்டேன், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. ஒரு நாள்கூட ஓட்டத்தை விடவில்லை. 28-ஐ விடாதீர்கள். வலியைத் தாங்கப் பழகினால்தான் 35 கி.மீ.க்கு மேல் கால் நிற்கும்.

மூன்றாம்_சுற்று
வியாழன், இரவு 10:50

தம்பி, ஓடலாமா வேண்டாமா என்று சொல்வதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கும் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழே அரை அங்குலம் அரை அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக இருக்கிறதா, இல்லை ஒரே ஒரு இடத்தில் சுரீர் என்கிறதா? ராத்திரி படுத்திருக்கும்போது வலிக்கிறதா? காலையில் எழுந்ததும், காபி குடிப்பதற்கு முன், நாடித்துடிப்பு எவ்வளவு, இரண்டு மாதத்துக்கு முன் எவ்வளவு? எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?

ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். வீட்டில் தனியாக அதைச் செய்ய வேண்டாம்.

எனக்கு வயது 56, ஊர் கோவை. பதினொரு ஃபுல் முடித்திருக்கிறேன், இரண்டைப் பாதியில் விட்டிருக்கிறேன். கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று இரண்டரை கி.மீ. போல வரும். என் உடம்பு உண்மையைச் சொல்ல ஆரம்பிப்பது மூன்றாவது சுற்றில்தான், அதனால்தான் இந்தப் பெயர்.

ஈசிஆர்_ஞாயிறு
வியாழன், இரவு 11:25

அண்ணா, இப்போதுதான் செய்து பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். அதற்கு மேலேயும் கீழேயும் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் விரல் பட்டதும் காலைத் தானாக இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் தடித்திருக்கிற மாதிரியும் இருக்கிறது. இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனைவிக்கும் வித்தியாசம் தெரிகிறது.

ராத்திரி லேசாக ஒரு குடைச்சல் உண்டு. நாடி செப்டம்பரில் 58, இந்த வாரம் 66, 67. தூக்கம் ஐந்தரை மணி நேரம். பணி நேரம் அப்படி.

எலும்பும்தசையும்
வெள்ளி, காலை 6:15

நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். காலைப் பார்க்காமல் இன்னதென்று பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்கவும் முடியாது. ஞாயிறு 28 வேண்டாம். சனிக்கிழமை 5 கி.மீ.கூட வேண்டாம். எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பார்க்கும்வரை ஓட்டமே வேண்டாம்.

காரணம் இதுதான். ஷின் ஸ்ப்ளின்ட் பெரும்பாலும் எலும்பின் உள் ஓரமாக நீளத்துக்குப் பரவி வலிக்கும், ஓடி உடம்பு சூடானதும் குறையும். உங்களுக்கும் முதலில் அப்படித்தான் இருந்திருக்கிறது. இப்போது வலி ஒரு புள்ளியில் குவிந்துவிட்டது, ஓடும்போது கூடுகிறது, நடக்கும்போதும் படுக்கும்போதும் தெரிகிறது. எலும்பு, விரிசலுக்கு முன் நாங்கள் ‘ஸ்ட்ரெஸ்’ என்று சொல்லும் நிலைக்குப் போகும்போது இந்த வரிசையில்தான் அடையாளம் காட்டும்.

ஓடும்போது எலும்பில் நுண்ணிய சேதம் வருவது சாதாரணம். உடம்பு பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும். எடுப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நடுவில் உள்ள அந்த நாட்களில் எலும்பு வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது மூன்று மாதத்தில் 30-ஐ 58 ஆக்கினால் கட்டும் வேலை எட்டிப் பிடிக்க முடியாது. மூச்சும் இதயமும் ஆறு வாரத்தில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் வேண்டும். அதனால்தான் மூச்சு வாங்காமல் ஓட முடிகிறவர்களுக்கே இது வருகிறது.

எக்ஸ்ரேயை மட்டும் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓடுவது இரண்டு வகையில் கெடுதல். வலியை மறைத்துவிடும் என்பது ஒன்று. உடம்பில் நீர் குறைந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரத்தில் இந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும் என்பது மற்றொன்று. பந்தயத்தன்று பாக்கெட்டில் மாத்திரை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது அடித்துக்கொள்ளும்.

வேகமே_மூச்சு
வெள்ளி, காலை 8:30

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எல்லா வலிக்கும் நின்றால் யாரும் ஃபுல் முடிக்க முடியாதே? எனக்கு லாங் ரன்னில் 24-க்கு மேல் தொடை, இடுப்பு எல்லாம் வலிக்கும். தாங்கிக்கொண்டுதான் ஓடுகிறேன்.

எலும்பும்தசையும்
வெள்ளி, காலை 9:10

நியாயமான கேள்வி தம்பி. 24-க்கு மேல் இரண்டு தொடையும் சேர்ந்து கனத்தால் அது அசதி. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, இரண்டு நாளில் போய்விடும். அதைத் தாங்கிப் பழகலாம், பழகவும் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும், ஒரே இடத்தில், ஓட ஓடக் கூடுவது வேறு. நடை மாறினால், அதாவது வலிக்கும் காலைக் காப்பாற்ற நம்மை அறியாமல் சாய்ந்து ஓடினால், அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. நெஞ்சில் அழுத்தம், தலை கிறுகிறுப்பு, வெயிலில் வியர்வை நின்று குளிர் எடுப்பது, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் உடனே நின்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளிலும் ஓடக் கூடாது.

மூன்றாம்_சுற்று
வெள்ளி, இரவு 8:20

தம்பி ஈசிஆர், கால் விஷயத்தில் அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. காலை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் ஹாஃப் 2:10. கணக்குப் போட்டால் கி.மீ.க்கு 6:10. உங்கள் ஈஸி ரன்னும் 6:10. அப்படியென்றால் வாரத்தில் ஐந்து நாளும் நீங்கள் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். 2:10 ஓடுகிறவருக்கு ஈஸி என்பது 7:15-லிருந்து 7:45 வரை. நடந்துபோகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று தோன்றும். பார்க்கட்டும்.

ஸ்டீபன் சைலர் என்ற விளையாட்டு அறிவியலாளர் உலகத்தரமான ஓட்டம், பனிச்சறுக்கு, துடுப்புப் படகு வீரர்களின் பயிற்சியைக் கணக்கெடுத்தார். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் மெதுவான பயிற்சி. மிச்சம்தான் கடினமானது. நம்மைப் போன்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம். ஈஸி நாளில் களைத்துவிடுகிறோம், அதனால் வேக நாளில் வேகம் வருவதில்லை.

பேஸ், அதாவது ஓடும் வேகம் தெரிய வாட்ச்கூட வேண்டாம். ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று. நடுவில் மூச்சுக்கு நிற்காமல் மூன்று வரி தொடர்ந்து வந்தால் அது ஈஸி. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு இழுத்தால் டெம்போ, அதாவது சற்றுக் கடினமான வேகம். ‘ஓரேழு’ என்றதுமே நின்றுவிட்டால் இன்டர்வல், அதாவது இடைவெளி விட்டு ஓடும் முழு வேகம். நான் பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

வாட்ச் கட்டினால் ஒன்றை மனதில் வையுங்கள். மணிக்கட்டில் துடிப்பைப் பார்க்கும் வாட்ச், பட்டை தளர்வாக இருந்தால், சில நேரம் காலடி எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டு 170 என்று காட்டும். கழுத்தில் விரல் வைத்து ஒரு முறை சரிபாருங்கள்.

தெம்பனிஸ்_தமிழன்
வெள்ளி, இரவு 11:00

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் வருடம் முழுக்க இந்தப் புழுக்கத்தில்தான் ஓட்டம், அதனால் இதையும் சேர்க்கிறேன். சென்னையில் உள்ளவர்கள் ஐரோப்பிய அட்டவணையில் போட்டிருக்கும் பேஸை அப்படியே எடுக்கக் கூடாது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுமே தவிர உடம்பைக் குளிர்விக்காது. இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதே 7:00 பேஸில் முதல் கி.மீ.யில் 135 இருந்த துடிப்பு 15-வது கி.மீ.யில் 155 ஆவது அதனால்தான். அப்போது துடிப்பைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள், பேஸைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

தண்ணீரிலும் இதே பேச்சுதான். தாகத்துக்குக் குடிக்க வேண்டும். பயந்துபோய் ஒவ்வொரு மேஜையிலும் வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள், 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவாக இருந்தது. ஓட்டம் முடிந்ததும் எடை கூடியிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துப் பழகுங்கள்.

காலை5மணி
சனி, காலை 5:50

பெண்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காக இது. நான் ஆறு மாதம் “மனவலிமை போதவில்லை” என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது, பேஸ் வாரா வாரம் இறங்கியது. ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.6, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, இரண்டும் குறைவு. மருத்துவர் சொன்னபடி மூன்று மாதம் இரும்புச்சத்து எடுத்தபிறகு பழைய ஆளாகிவிட்டேன். மாதவிடாய் தள்ளிப்போவதையோ நின்றுபோவதையோ “பயிற்சி அதிகம், அதனால்தான்” என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது. அதே குறை எலும்பையும் அரிக்கும்.

மூன்றாம்_சுற்று
சனி, இரவு 7:45

மேலே அம்மா எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள்.

பந்தயத்தன்று பேஸை எப்படிப் பிடிப்பது என்று தனியே செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

என் முதல் மும்பை மாரத்தான். முதல் பாதி 2:02. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது, கடற்காற்று, வழியெல்லாம் கைதட்டல். இலக்கு 4:20, நான் போனதோ 4:04-க்கான வேகத்தில். திரும்பி வரும் வழியில் பெடர் ரோடு ஏற்றம். அங்கே வலது கெண்டைக்கால் ஒரு பந்துபோலச் சுருண்டு உள்ளே இழுத்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பாட்டி கையில் உப்பைக் கொட்டி, ஆரஞ்சுச் சுளையை அதில் தொட்டு வாயில் வைத்தார். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. மிச்ச தூரத்தில் பாதிக்கு மேல் நடந்தேன். இரண்டாம் பாதி 2:50.

ஏன் அப்படி ஆனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 70 கிலோ ஆள் ஒரு கி.மீ. ஓட ஏறக்குறைய 70 கலோரி ஆகும். 42.195-க்கு 2950 போல. தசையிலும் ஈரலிலும் நாம் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து 2000 கலோரி போலத்தான். மிச்சம் கொழுப்பிலிருந்து வர வேண்டும். வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்தைத்தான் அதிகம் எரிக்கும். முதல் 10 கி.மீ.யில் கி.மீ.க்கு 15 விநாடி முந்திப்போனால் மொத்தம் இரண்டரை நிமிடம் லாபம். 32-க்கு மேல் இருப்பு தீர்ந்து நடக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு கி.மீ.க்கும் மூன்று நிமிடம் போகும்.

அடுத்த வருடம் அதே பந்தயம். முதல் பாதி 2:14, இரண்டாம் பாதி 2:12. என்னைவிட வேகமானவர்கள் என்று நினைத்த எத்தனையோ பேரைப் பெடர் ரோடு ஏற்றத்தில் தாண்டிப் போனேன். 2023-ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35-ல் உலக சாதனை படைத்தபோதும் முதல் பாதி 1:00:48, இரண்டாம் பாதி 59:47.

முதல் ஃபுல்லுக்கு, முதல் 5 கி.மீ. இலக்கைவிட 15 விநாடி மெதுவாகப் போங்கள். 30 வரை வாய்ப்பாடு சொல்ல முடிய வேண்டும். சென்னையில் விடிவதற்கு முன்பே தொடங்கினாலும், ஐந்து மணி நேரம் ஓடுகிறவருக்குக் கடைசிப் பகுதி வெயிலில்தான் என்பதையும் சேர்த்து இலக்கு வையுங்கள்.

வேகமே_மூச்சு
சனி, இரவு 9:00

அண்ணா, இரண்டை விட்டிருக்கிறேன் என்றீர்களே. பாதியில் விடுவது கஷ்டமாக இல்லையா? எனக்கு டிஎன்எஃப் (பந்தயத்தை முடிக்கவில்லை) என்ற வார்த்தையே பயம்.

மூன்றாம்_சுற்று
சனி, இரவு 9:40

கஷ்டமாகத்தான் இருந்தது. பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் இரண்டு முறையும் ஒரு வாரத்தில் மறுபடி ஓடினேன்.

1954 வான்கூவர், காமன்வெல்த் நாடுகளின் போட்டி. இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ், அன்றைக்கு உலகத்தில் அவரைவிட வேகமான மாரத்தான் ஓட்டக்காரர் இல்லை. கடும் வெயிலில் 17 நிமிடம் முன்னிலையோடு மைதானத்துக்குள் நுழைந்தார். நுழைந்ததும் விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். சில நூறு அடி தூரத்தைக் கடக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. எல்லையைத் தொடவே இல்லை, தூக்கு கட்டிலில் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவர் பந்தயம் ஓடவில்லை. உயிர் பிழைத்தது பெரிது. உடம்பு அவரிடம் மைதானத்துக்கு வெகு முன்னாலேயே சொல்லியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தம்பி, உனக்கு 24-க்கு மேல் இடுப்பு வலி என்றாயே. இரண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?

வேகமே_மூச்சு
சனி, இரவு 9:55

வலது பக்கம் மட்டும் அண்ணா. இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

எலும்பும்தசையும்
சனி, இரவு 10:10

திங்கட்கிழமை உங்கள் ஊரில் யாரிடமாவது காட்டிவிடுங்கள் தம்பி. வண்டிகளுக்கு எதிராக எப்போதும் சாலையின் ஒரே ஓரத்தில் ஓடுகிறீர்களா? ஓரம் சரிவாக இருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும்போது இன்னும் ஓரம் போவோம். அதையும் சொல்லுங்கள்.

ஈசிஆர்_ஞாயிறு
அடுத்த வியாழன், இரவு 8:30

ஞாயிறு ஓடவில்லை. ஷூ மாட்டி வாசல்வரை போனேன், படி இறங்கும்போதே கால் சொல்லிவிட்டது. திரும்பி வந்து படுத்து, ஒன்பது மணிவரை தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை மாதம் ஆனது என்று நினைவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அக்கா சொன்னதைக் கேட்டு எம்ஆர்ஐ பற்றிக் கேட்டேன். எலும்புக்குள் வீக்கம் இருக்கிறது, விரிசல் கோடு இன்னும் விழவில்லை. 28 ஓடியிருந்தால் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஓட்டம் கிடையாது. வைட்டமின் டி-யும் குறைவு. ஜனவரி ஃபுல் போய்விட்டது. எழுதும்போதே தொண்டை அடைக்கிறது, ஆனாலும் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எலும்பும்தசையும்
அடுத்த வியாழன், இரவு 9:15

கோடு விழுவதற்கு முன் நின்றீர்களே, அதுவே ஆறு வாரத்துக்கும் நான்கைந்து மாதத்துக்கும் உள்ள வித்தியாசம். வலியில்லாமல் நடக்க முடிந்ததும், மருத்துவர் சரி என்றால், நீச்சல் குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் ஓடலாம், நிலையான சைக்கிள் மிதிக்கலாம். இந்த வாரங்களில் உணவைக் குறைக்காதீர்கள். எலும்பு கட்டுகிறது, அதற்குச் சாப்பாடு வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கத்தையும் அட்டவணையில் எழுதி வையுங்கள்.

ஈசிஆர்_ஞாயிறு
ஜனவரி, ஞாயிறு, மதியம் 1:20

இன்று சென்னை மாரத்தானில் தண்ணீர் மேஜையில் நின்றேன். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு போன முகங்கள் எட்டரை மணி வெயிலில் வேறு மாதிரி வந்தன. ஒருவர் கோப்பையை வாங்கியபடியே “இருபத்தெட்டு, முப்பத்தைந்து” என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். இந்த இழையைப் படித்தவராக இருக்க வேண்டும். யார் என்று தெரிந்தால் எழுதுங்கள், எப்படி முடித்தீர்கள் என்று கேட்க ஆசை.

மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார். நாளை முதல் தடவை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. ஐஐடி வளாகத்து மண் பாதையில் போகலாம் என்றிருக்கிறேன்.

மூன்றாம்_சுற்று
ஜனவரி, ஞாயிறு, மதியம் 2:00

போய்வாருங்கள் தம்பி. வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

எலும்பும்தசையும்
ஜனவரி, ஞாயிறு, மாலை 4:30

ஓடும்போது வலிக்கவில்லை என்பது மட்டும் போதாது. மறுநாள் காலை அதே இடத்தில் அழுத்திப் பாருங்கள். வலித்தால் இரண்டு நாள் இடைவெளி, வலிக்காவிட்டால் ஒரு நாள் விட்டு அடுத்தது.

ஈசிஆர்_ஞாயிறு
ஜனவரி, செவ்வாய், காலை 6:05

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன் அக்கா. மேலிருந்து கீழேவரை. வலி இல்லை. நாளை மறுபடி போகிறேன்.